மாளிகையின் உயிலும் அஸ்திவாரத்தின் கற்களும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஐயாவின் நினைவு நாளில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு நூலைப் பற்றியோ ஒரு போராட்டத்தைப் பற்றியோ பேசுவது நம் அமைப்பின் வழக்கம். இந்த ஆண்டு ஒரு வீட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். அந்த வீடு நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவில், தென் கரோலினா மாநிலத்தில், கிளெம்சன் பல்கலைக்கழக வளாகத்தின் நடுவில் இருக்கிறது. பெயர் ஃபோர்ட் ஹில். வெள்ளைத் தூண்கள் வைத்த பெரிய மர வீடு. நாங்கள் யாரும் அதை நேரில் பார்த்ததில்லை. எங்கள் வாசிப்பு வட்டத்தில் அதைப் பற்றிப் படித்ததையும் விவாதித்ததையும்தான் உங்கள் முன் வைக்கிறோம்.

எங்கோ இருக்கும் வெள்ளைக்கார வீட்டின் கதை நமக்கெதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 1873-இல் மகாத்மா ஜோதிராவ் ஃபுலே தம் 'குலாம்கிரி' நூலை, கறுப்பின மக்களை அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946-இல் பாபாசாகேப் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் சிக்கலையும் நம் சிக்கலையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் அவர். அந்த இருவரும் திறந்து வைத்த சன்னல் வழியாகத்தான் நாமும் எட்டிப் பார்க்கிறோம். இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறோம். அது ஐயாவின் நோட்டுப் புத்தகங்களைப் பற்றியது.

1. வீடு யாருடையது

முதலில் நிலத்தின் கதை. அந்த மண் செரோக்கி மக்களுடையது. கியோவி ஆற்றங்கரையில் எஸ்ஸெனெக்கா என்ற அவர்களுடைய ஊர் இருந்தது. 1776-இல், அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய காலத்தில், குடியேறிகளின் படை அந்த ஊரைக் கொளுத்தியது. அதன் அருகிலேயே ஒரு கோட்டையும் கட்டியது. பின்னாளில் இந்த வீட்டுக்கு 'ஃபோர்ட் ஹில்', அதாவது கோட்டைக் குன்று என்ற பெயர் வந்தது அந்தக் கோட்டையை வைத்துத்தான். ஊரை எரித்தவர்களின் கோட்டை வீட்டுப் பெயரில் நிலைத்துவிட்டது. எரிந்த ஊர் இருந்த இடமோ இருபதாம் நூற்றாண்டில் கட்டிய அணையின் நீர்த்தேக்கத்துக்கு இரையாகிவிட்டது.

1803 வாக்கில் ஒரு பாதிரியாருக்காக நான்கு அறைகளோடு கட்டிய வீடு அது. 1825-இல் ஜான் கால்ஹூன் குடும்பம் அங்கே குடிவந்தது. அந்த ஆண்டுதான் கால்ஹூன் அமெரிக்காவின் துணைக் குடியரசுத் தலைவரானார். நான்கு அறைகள் 14 அறைகளாக வளர்ந்தன. சுற்றிலும் சுமார் 1,100 ஏக்கர் பண்ணை. முதன்மைப் பயிர் பருத்தி. அந்தப் பருத்தியை விதைத்தவர்கள், எடுத்தவர்கள், வீட்டைப் பெருக்கியவர்கள், சமைத்தவர்கள், பிள்ளை வளர்த்தவர்கள் எல்லாரும் அடிமைகள். கால்ஹூன் காலத்தில் அங்கே 70, 80 பேர் அடிமைகளாக இருந்தார்கள்.

கால்ஹூன் வெறும் பண்ணையார் அல்லர். அடிமைமுறைக்குத் தத்துவம் எழுதியவர். அவருக்கு முன்பு அடிமை முதலாளிகளில் பலர், அது தீமைதான், என்ன செய்வது, தவிர்க்க முடியவில்லை என்று மழுப்பிக்கொண்டிருந்தார்கள். 1837-இல் கால்ஹூன் செனட் சபையில் எழுந்து, அடிமைமுறை தீமையே அன்று, இரண்டு இனத்துக்கும் நன்மை தரும் ஏற்பாடு என்று வாதிட்டார். இந்தக் குரல் நமக்குப் புதிதா? அவரவர் தொழிலை அவரவர் செய்தால் ஊர் நன்றாக இருக்கும், பண்ணையார் தகப்பனைப் போல, பண்ணையாள் பிள்ளையைப் போல என்று நம்மிடம் சொல்லாத தலைமுறை உண்டா? ஒடுக்குகிறவன் வெட்கத்தைத் தொலைத்த பிறகு பேசும் பேச்சு எல்லா நாட்டிலும் ஒன்றுபோலவே இருக்கிறது.

இந்தத் தகப்பன் பிள்ளை உறவு எப்படி இருந்தது என்பதற்குக் கால்ஹூன் எழுதிய கடிதமே சாட்சி. 1831-இல் அலெக் என்ற வீட்டு வேலையாள் தப்பி ஓடினார். வீட்டு அம்மாள் சவுக்கடி தருவேன் என்று மிரட்டியதே காரணம். அபவில் என்ற ஊரில் அவர் பிடிபட்டார். அவரை ஒரு வாரம் சிறையில் வைத்து, ரொட்டியும் தண்ணீரும் மட்டும் கொடுத்து, 30 சவுக்கடி அழுத்தமாகக் கொடுத்து அனுப்பும்படி கால்ஹூன் உறவினருக்கு எழுதினார். தேசத்தின் இரண்டாம் பெரிய பதவியில் இருந்தவர், தம் வீட்டில் வேலை செய்த மனிதருக்கு அடியை எண்ணிக் கணக்கு எழுதியிருக்கிறார்.

அந்த வீட்டில் இஸ்ஸி என்ற பெண்ணும் இருந்தார். வீட்டுப் பிள்ளை ஒருவரின் தலையணைக்கு அடியில் அவர் நெருப்புத் துண்டை வைத்ததாகக் குடும்பக் கடிதங்கள் சொல்கின்றன. ஏன் வைத்தார் என்று அவரிடம் கேட்டு எழுதி வைத்தவர் யாருமில்லை. அலெக்கின் ஓட்டமும் இஸ்ஸியின் நெருப்பும் ஆண்டைகளின் கடிதங்கள் வழியாகத்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனாலும், எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்ற கதையைப் பொய்யாக்க அவை இரண்டே போதும்.

2. உயில் காத்த வீடு

கால்ஹூனின் மகள் அன்னாவை 1838-இல் இதே வீட்டில் மணந்தவர் தாமஸ் கிரீன் கிளெம்சன். கால்ஹூன் 1850-இல் இறந்த பிறகு, 1854-இல் அவர் மகன் ஆண்ட்ரூவின் கைக்குப் பண்ணை மாறியது. அந்தக் கைமாற்றத்தில் நிலத்தோடும் வீட்டோடும் 50 மனிதர்களும் சேர்த்தி. 1865-இல் ஆண்ட்ரூ இறந்தபோது சொத்துக் கணக்கு எடுத்தார்கள். அதில் 139 அடிமைகள் இருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. சொத்துப் பட்டியலில் கிடந்தவர்கள் அந்த ஆண்டிலேயே சட்டப்படி சுதந்திர மனிதர்களானார்கள். அவர்களுக்கு ஓர் ஏக்கர் நிலம் தர யாரும் உயில் எழுதவில்லை.

1872-இல் கிளெம்சன் தம்பதியர் அந்த வீட்டுக்குக் குடிவந்தார்கள். அன்னா 1875-இல் இறந்தார். பிள்ளைகளும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். தனியாக வாழ்ந்த கிளெம்சன் 1888-இல் இறந்தார். 814 ஏக்கர் நிலத்தையும் 80,000 டாலருக்கும் மேற்பட்ட பணத்தையும் ஒரு வேளாண் கல்லூரி தொடங்க மாநிலத்துக்கு எழுதி வைத்தார். அந்த உயிலில் வீட்டுக்கென்று தனியாக ஒரு நிபந்தனை உண்டு. வீட்டை ஒருநாளும் இடிக்கவோ மாற்றவோ கூடாது, மேசை நாற்காலி முதலான பொருட்களோடு பழுதுபார்த்துக் காக்க வேண்டும், பார்வையாளர்களுக்கு எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பதே அது.

தோழர்களே, இந்த ஒரு நிபந்தனை 130 ஆண்டுகளுக்கும் மேலாக வேலை செய்துகொண்டிருக்கிறது. 1889-இல் மாநிலம் கொடையை ஏற்றது. 1893-இல் கல்லூரி திறந்தது. கல்லூரி பல்கலைக்கழகமாயிற்று. சுற்றிலும் வகுப்பறைகளும் விடுதிகளும் விளையாட்டரங்கமும் வந்தன. வீடு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. 1960-இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. கூரையைப் பார்ப்பது, வண்ணத்தைப் பார்ப்பது, நாற்காலியின் துணியைப் பார்ப்பது எல்லாம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. உள்ளே கால்ஹூன் குடும்பத்தின் பொருட்கள் இருக்கின்றன. வெளியே அவர் எழுதிய தனி அறை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் இந்த வீட்டைப் பேணியதில், உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் நினைவைப் போற்றும் மகளிர் அமைப்புக்கும் பங்கு இருந்தது. பேணியவர்கள் தங்களுக்குப் பிடித்த கதையையும் சேர்த்தே பேணினார்கள். நெடுங்காலம் அங்கே போனவர்கள் பெரிய மனிதரின் மேசையைப் பார்த்தார்கள். அந்த மேசைக்கு உணவு கொண்டுவந்த கை யாருடையது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

3. கற்கள் போன இடம்

இனி நாங்கள் படித்தபோது எங்களைப் பேச்சற்று உட்கார வைத்த செய்திக்கு வருகிறோம்.

வீட்டிலிருந்து சுமார் ஒரு பர்லாங்கு தொலைவில் அடிமைகளின் குடியிருப்பு இருந்தது. அவை கல் வீடுகள். படைவீரர் குடியிருப்பைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியவை, அருகில் சிறு தோட்டங்கள் இருந்தன என்று 1849-இல் பார்த்தவர் ஒருவர் எழுதியிருக்கிறார். மாளிகை மரத்தாலானது. குடியிருப்பு கல்லாலானது. எது அதிக நாள் நின்றிருக்க வேண்டும்? கல்தானே? நின்றது மர மாளிகை. கல் வீடுகள் இன்று இல்லை.

என்ன ஆயின? கல்லூரி கட்ட ஆட்கள் வேண்டியிருந்தது. மாநிலம் தன் சிறைக் கைதிகளைக் கொடுத்தது. அடிமைமுறையை ஒழித்த அதே 13-ஆவது திருத்தத்தில், குற்றத்துக்குத் தண்டனையாக மட்டும் கட்டாய உழைப்பு வாங்கலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. அந்த ஓட்டை வழியாகத் தென்மாநிலங்கள் அடிமைமுறையைக் கொல்லைப்புறத்தில் திரும்ப அழைத்துக்கொண்டன. சில்லறைத் திருட்டுக்கும் தண்டனை, தண்டனைக்குக் கட்டாய வேலை. கிளெம்சனுக்கு வந்த கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். இரண்டு மாதத் தண்டனைக்காரர் முதல் ஆயுள் தண்டனைக்காரர் வரை அவர்களில் இருந்தார்கள். 13 வயதுச் சிறுவனும் இருந்தான். அவர்களை அடைத்து வைத்த கொட்டடி, பழைய அடிமைக் குடியிருப்பின் பக்கத்திலேயே இருந்தது. காட்டைத் திருத்தினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்களை அறுத்துச் சுட்டுக் கட்டினார்கள். அடிமைகளின் கல் வீடுகளைப் பிரித்து, அந்தக் கற்களையே கல்லூரியின் முதல் கட்டடங்களுக்கு அஸ்திவாரமாகப் போட்டார்கள்.

அப்பன் வாழ்ந்த குடிசையைப் பிள்ளையை வைத்தே பிரிக்கச் சொன்ன கதை இது. நாங்கள் உவமைக்காகச் சொல்லவில்லை. அடிமைகளாக இருந்தவர்களின் அடுத்த தலைமுறைதான் கைதிகளாக வந்தது. கட்டி முடித்த கல்லூரியின் வாசலில் அவர்களுடைய பிள்ளைகளுக்கு இடமில்லை. கிளெம்சன் வெள்ளை ஆண்களுக்கான படைப்பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கியது. அதன் ஆயுட்கால அறங்காவலர்களில் ஒருவர் பெஞ்சமின் டில்மன். 1876-இல் ஹாம்பர்க் என்ற ஊரில் கறுப்பினத்தவரைக் கொன்ற கூட்டத்தில் தாம் இருந்ததைப் பெருமையாகப் பேசித் திரிந்த மனிதர். பிறகு மாநில ஆளுநரானார். கைதிகள் கட்டிய முதன்மைக் கட்டடத்துக்கு 1946-இல் அவர் பெயரை வைத்தார்கள்.

ஆகவே ஒரு வளாகத்தில் இரண்டு விதமான பாதுகாப்பு நடந்திருக்கிறது. ஆண்டையின் வீட்டை உயில் காத்தது. அடிமையின் வீட்டையும் காத்தார்கள் என்றே சொல்லலாம். ஆனால் மண்ணுக்குள், பெயரில்லாமல், மேலே கட்டடத்தைச் சுமக்க வைத்துக் காத்தார்கள்.

4. கேள்வி கேட்டவர்கள்

1963 ஜனவரி 28 அன்று ஹார்வி கான்ட் என்ற கறுப்பின இளைஞர் நீதிமன்ற ஆணையோடு அந்த வளாகத்துக்குள் நுழைந்தார். தென் கரோலினாவின் வெள்ளையர் கல்லூரிகளில் இருபதாம் நூற்றாண்டில் நிறத்தடையை உடைத்த முதல் மாணவர் அவர். அவர் படிக்க வந்த படிப்பு கட்டடக்கலை. பிறகு புகழ்பெற்ற கட்டடக்கலைஞரானார், சார்லட் நகரின் மேயரானார். கட்டியவர்களின் பேரப்பிள்ளை தலைமுறையில் ஒருவர், எப்படிக் கட்டுவது என்று படிக்கவே வழக்குப் போட்டு வர வேண்டியிருந்தது.

அதற்கும் பிறகு நெடுங்காலம் கழித்து, அங்கே ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் கறுப்பினப் பேராசிரியர் ராண்டா ராபின்சன் தாமஸ் ஒரு வேலையைத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'என் பெயரைச் சொல்லி அழை' என்ற பொருள் தருவது. பண்ணை அடிமைகள், விடுதலைக்குப் பிறகு அதே நிலத்தில் வாரத்துக்கு உழுதவர்கள், கைதிகள், கல்லூரியின் சமையல்காரர்கள், துப்புரவுத் தொழிலாளர்கள், வெள்ளை மாணவர்களுக்கு வாசிக்க வந்து போன இசைக்கலைஞர்கள், கான்ட்டுக்குப் பின் வந்த மாணவர்கள் எனத் தலைமுறை தலைமுறையாகப் பெயர்களைத் தேடினார். பத்திரம், சொத்துக் கணக்கு, சிறைப் பதிவேடு, கூலிச் சீட்டு, குடும்பத்தார் நினைவு என்று எது கிடைத்தாலும் விடவில்லை. 2020-இல் அது நூலாகவும் வந்தது. இலக்கியம் படித்தவர் செய்த வேலை இது என்பதை நம்மைப் போன்ற இலக்கிய அமைப்புகள் கவனிக்க வேண்டும்.

2016-இல் அடிமைக் குடியிருப்பும் கைதிக் கொட்டடியும் இருந்த இடத்துக்கு வரலாற்றுப் பலகை வைத்தார்கள். பலகையின் ஒரு பக்கம் அடிமைகள், மறுபக்கம் கைதிகள். கற்கள் எங்கே போயின என்பதும் அதில் எழுதியிருக்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில், வளாகத்தில் கறுப்பின வரலாற்றைச் சொல்லும் பதாகை ஒன்றில் யாரோ வாழைப்பழங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். என்ன இழிவைச் சொல்ல அப்படிச் செய்தார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. சிலைக்குச் செருப்பு மாலை போடுகிற கைகளைக் கண்டவர்கள் நாம். மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தில் ஒன்பது நாள் உட்கார்ந்து போராடினார்கள். ஐந்து பேர் கைதானார்கள்.

2020-இல் இன்னொன்று வெளிவந்தது. விளையாட்டரங்கத்தை ஒட்டி ஒரு குன்று. மேலே கால்ஹூன் குடும்பக் கல்லறை. 1924 முதல் பல்கலைக்கழக ஆசிரியர், அலுவலர் கல்லறைகள். அதன் சரிவில் பண்ணை அடிமைகளைப் புதைத்த இடம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதைக் கண்டு இரண்டு மாணவிகள் கேள்வி எழுப்பினார்கள். நிலத்தைத் தோண்டாமலே உள்ளே இருப்பதைக் காட்டும் ரேடார் கருவியை வைத்துப் பார்த்தார்கள். முதலில் 200-க்கும் மேல் கல்லறைகள் தெரிந்தன. தேடத் தேட 600-ஐத் தாண்டியது. தலைமாட்டில் பெயர் பொறித்த கல் இல்லை. சிலவற்றுக்கு வயலில் கிடைத்த வெறுங்கல் மட்டும் அடையாளம். ஆட்டம் நடக்கும் நாட்களில் பல்லாயிரம் பேர் ஆரவாரம் செய்யும் அரங்கத்தின் பக்கத்தில், 600-க்கும் மேற்பட்டவர்கள் இத்தனை காலம் கணக்கில் வராமல் கிடந்திருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லறையிலும் சிறிய வெள்ளைக் கொடி நட்டார்கள்.

5. இடிப்பதா, காப்பதா

இதைப் படித்தபோது எங்கள் வட்டத்தில் கடுமையான வாக்குவாதம் நடந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

தம்பிகள் சிலர், அந்த மாளிகையை இடித்துவிட வேண்டும் என்றார்கள். ஆண்டையின் நாற்காலிக்குப் பொதுப்பணத்தில் ஏன் தூசு தட்ட வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கோபம். 2016-இல் யேல் பல்கலைக்கழகத்தில், கால்ஹூன் பெயரில் இருந்த கல்லூரியின் உணவுக்கூடத்தில் வேலை செய்த கறுப்பின ஊழியர் ஒருவர், பருத்தி சுமக்கும் அடிமைகளைத் தீட்டிய சன்னல் கண்ணாடியைத் துடைப்பக் கட்டையால் உடைத்தார். தினமும் அதன் கீழே தட்டுக் கழுவ முடியவில்லை என்பதே காரணம். மறு ஆண்டு அந்தக் கல்லூரிக்குக் கால்ஹூன் பெயர் போய்விட்டது. 2020 ஜூனில் சார்ல்ஸ்டன் நகரில் கால்ஹூன் சிலையை இறக்கினார்கள். அதே மாதம் கிளெம்சனும் தன் கௌரவப் படிப்புக் கல்லூரியிலிருந்து அவர் பெயரை எடுத்தது. டில்மன் பெயரை எடுக்க மாநிலச் சட்டமன்றத்தின் அனுமதி வேண்டும் என்று ஒரு சட்டம் இருப்பதால், அனுமதி கேட்டுத் தீர்மானம் போட்டது.

அக்காமார் சிலர் வேறு விதமாகச் சொன்னார்கள். சிலை வேறு, வீடு வேறு. சிலையை வணங்கவே வைக்கிறார்கள். அதில் வேறு கதை சொல்ல இடமில்லை. வீடு அப்படியன்று. வீட்டில் அடுப்பங்கரை இருக்கிறது, படிக்கட்டு இருக்கிறது, கொல்லைப்புறக் கதவு இருக்கிறது. யார் எந்த வாசலில் வந்தார்கள், யார் எங்கே படுத்தார்கள் என்று காட்ட முடியும். வீட்டை இடித்தால் கால்ஹூனுக்கு நட்டமில்லை; அவருடைய பேச்சும் கடிதங்களும் தொகுதி தொகுதியாக அச்சில் இருக்கின்றன. அலெக்குக்கும் இஸ்ஸிக்கும் அந்த வீட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. குற்றம் நடந்த இடத்தைக் குற்றவாளியின் வாரிசுகள் சுத்தமாகத் துடைத்து வைத்திருக்கிறார்கள் என்பதற்காக இடத்தையே அழித்துவிடக் கூடாது என்றார் ஒரு அக்கா.

நீண்ட பேச்சுக்குப் பிறகு நாங்கள் இப்படி வந்து சேர்ந்தோம். பாதுகாப்பு என்றாலே நல்லது என்று நினைக்கும் பழக்கத்தை விட வேண்டும். எதைக் காத்தார்கள், எந்தப் பணத்தில் காத்தார்கள், அதே கையால் எதைப் பிரித்தார்கள் என்று மூன்று கேள்வி கேட்க வேண்டும். ஃபோர்ட் ஹில் நிற்கட்டும். ஆனால் அந்த வீட்டின் கதை வாசலில் தொடங்கி வரவேற்பறையில் முடியக் கூடாது. குடியிருப்பு இருந்த இடத்தில் தொடங்கி, கைதிகளின் கொட்டடி, செங்கல், அஸ்திவாரம், குன்றின் சரிவு என்று எல்லாவற்றையும் கடந்து கடைசியில் அந்த வீட்டுக்கு வர வேண்டும். அப்படி வருகிறவனுக்கு வெள்ளைத் தூண்கள் வேறு விதமாகத் தெரியும்.

6. நம்மிடம் என்ன இருக்கிறது

நாங்கள் சொல்வதாகச் சொன்ன இன்னொரு காரணத்துக்கு வருகிறோம்.

கிளெம்சனில் அந்தப் பேராசிரியர் பெயர்களைக் கண்டுபிடிக்க முடிந்தது, ஆண்டைகள் மனிதர்களைச் சொத்தாக எழுதி வைத்ததால். கொடுமையான உண்மைதான். நம் நாட்டிலும் ஆட்களை விற்ற ஓலைகள் உண்டு. ஆளோலை என்ற சொல்லை நாம் சுந்தரர் கதையில் பக்தியோடு கேட்டு வளர்ந்தோம்; கிழவராக வந்த சிவபெருமான் காட்டிய ஓலை அது. நம் முப்பாட்டன்மாரை நிலத்தோடு சேர்த்து எழுதிக் கொடுத்த ஓலைகளைப் பற்றி யாரும் நமக்குக் கதை சொல்லவில்லை. 1843-இல் கம்பெனி அரசு, அடிமை உடைமையை நீதிமன்றம் ஏற்காது என்று சட்டம் போட்டது. சட்டம் வந்த பிறகும் பண்ணையடிமைத்தனம் கடனின் பெயரில் தொடர்ந்தது. செங்கல்பட்டுக் கலெக்டர் திரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் பஞ்சமி நிலத்துக்கு ஆணை வந்தது. அந்த நிலங்கள் பின்னாளில் யார் கைக்குப் போயின என்று இந்த அவைக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய வீடுகள் நம் பக்கத்திலும் நிற்கின்றன. சினிமாப் படப்பிடிப்புக்கு விடுகிறார்கள், தங்கும் விடுதியாக்குகிறார்கள், பாரம்பரியக் கட்டடம் என்று பலகை வைக்கிறார்கள். பர்மாத் தேக்கு, இத்தாலி மார்பிள், முட்டை வெள்ளைக்கருப் பூச்சு என்று எல்லாவற்றையும் விளக்குகிறார்கள். சுண்ணாம்பு அரைத்தவர் பெயரை மட்டும் விளக்குவதில்லை. அந்த வீட்டுக்குக் கொல்லைப் பக்கம் சாணி அள்ளப் போன நம் பாட்டிக்கு முன்வாசல் எப்படி இருக்கும் என்றே தெரியாது.

ஐயா இதை யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டவர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். சாயங்காலத்தில் தெருத் தெருவாகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, வயதானவர்களிடம் பெயர் கேட்டு எழுதுவார். உங்கள் அப்பா பெயர் என்ன, அவருக்கு அப்பா யார், எந்தப் பண்ணையில் வேலை, எந்த மரத்தடியில் களம், எங்கே புதைத்தோம் என்று கேட்பார். எண்பது பக்க நோட்டுகள். அட்டை போட்டு, மேலே தெருப் பெயர் எழுதியிருப்பார். அவர் கவிதைகளை அச்சிட்டோம், மேடையில் பாடினோம். இந்த நோட்டுகளை என்ன செய்வது என்று தெரியாமல் அம்மா வீட்டு டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். சில பக்கங்களைக் கரையான் அரித்துவிட்டது. ஐயா பெயர் எழுதியவர்களில் அநேகம் பேர் இன்று இல்லை. அவர்களுக்குக் கல்லறைக் கல் கிடையாது. அந்த ஒரு வரிதான் கல்.

ஐயாவுக்குச் சிலை வைக்க வேண்டும் என்று போன ஆண்டு பேச்சு எழுந்தது. அன்பினால் சொன்னது, மறுக்கவில்லை. ஆனால் ஃபோர்ட் ஹில்லைப் படித்த பிறகு எங்களுக்கு வேறொரு விருப்பம் வந்திருக்கிறது. அதை இந்த அவையின் முன் கோரிக்கையாக வைக்கிறோம்.

முதலாவது, சிலைக்குச் சேர்த்த பணத்தில் அந்த நோட்டுகளை ஸ்கேன் செய்து, பிரதி எடுத்து, ஒரு பிரதியை அமைப்பிலும் ஒரு பிரதியை அம்மாவிடமும் இன்னொன்றைப் பொது நூலகம் ஒன்றிலும் வைப்போம். மூலத்தைக் கரையான் தீண்டாமல் காப்போம்.

இரண்டாவது, ஐயா போகாத தெருக்களுக்கு நாம் போவோம். கல்லூரிப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு தெரு எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு, பழைய பத்திரம், பட்டா, மலேயாவுக்கும் இலங்கைக்கும் போனவர்களின் கடிதம் என எது கிடைத்தாலும் படம் எடுங்கள். காகிதம் இல்லாத வீட்டில் வாய்மொழி இருக்கும். அதையும் பதிவு செய்யுங்கள்.

மூன்றாவது, நம் சுடுகாட்டுப் பாதைக்கும் இடுகாட்டுக்கும் வரைபடம் வரைவோம். இன்றைக்குச் சாலை போடுகிறவன், மனைப்பிரிவு போடுகிறவன், இங்கே யாரும் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் மண்வெட்டியை எடுக்கிறான். இல்லை, இங்கே இன்னார் இன்னார் இருக்கிறார்கள் என்று சொல்ல நம் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். 600-க்கும் மேற்பட்டவர்களைக் கண்டுபிடிக்க ரேடார் வரும் வரை காத்திருந்த நிலை நம் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

நமக்கு மாளிகை இல்லை. உயில் எழுதிக் காக்கும்படி யாரும் எதையும் விட்டுப் போகவில்லை. கிளெம்சன் எழுதிய ஒரு நிபந்தனை அந்த வீட்டை இத்தனை ஆண்டு நிற்க வைத்தது என்றால், நாம் கூடி எடுக்கும் ஒரு தீர்மானம் இந்த நோட்டுகளைக் காக்கக் கூடாதா?

வழக்கமாகப் பேச்சு முடிந்ததும் கைதட்டிக் கலைவோம். இன்றைக்கு அப்படி வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அம்மா அந்தப் பெட்டியிலிருந்து முதல் நோட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். நம் கீழத்தெருவின் நோட்டு. அதிலுள்ள பெயர்களைப் பிள்ளைகள் இப்போது வாசிப்பார்கள். உங்கள் வீட்டுப் பெயர் வந்தால் எழுந்து நில்லுங்கள். பெயர் தவறாக இருந்தால் திருத்துங்கள், விட்டுப் போயிருந்தால் சொல்லுங்கள். எழுதிக்கொள்ளப் பேனாவோடு இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஜெய்பீம்.